காவிரி நீர்ப் பங்கீடு

ஓர் ஆற்றின் நீர் முதற்கண் சென்றடைவது தலைமடைக்கே. ஆயினும் அந்நீரைக் கொண்டு முதலிற் பெருவேளாண்மை செய்தோர் பலவிடத்தும் கடைமடையோராவர். காவிரி வழக்கின் வேர் இதுவேயாகும். கரிகாலன் கட்டியதாகக் கூறப்படும் கல்லணையால் தஞ்சைக் கழனிகள் பன்னூறாண்டுகளாக விளைந்து வந்தன. மைசூரின் கிருஷ்ணராச சாகர் அணையோ 1911-இல் தொடங்கப்பெற்றது.

சென்னை மாகாணமும் மைசூரும் 1892-இலும் 1924-இலும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆங்கிலேயர் வலிமைக்கு அஞ்சி மைசூர் பணிந்த உடன்படிக்கைகள் இவை என்பது கருநாடகத்தின் வாதம். வழிவழிப் பாசன உரிமையை அழித்தலாகாது என்பது தமிழ்நாட்டின் வாதம். 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கை 50 ஆண்டு கழித்து மறுஆய்வுக்கு இடந்தந்தது. 1974-இல் அது முடிந்துவிட்டதென ஒரு சாராரும், முடியவில்லையென மறுசாராரும் கொண்டமையால் பிணக்கு முற்றியது.

1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தியது. அதன்படி, ஆண்டிற்கு 740 டி.எம்.சி. நீரில் தமிழ்நாட்டிற்கு 404.25, கருநாடகத்திற்கு 284.75, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. உரியன. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூட்டப்பெற்றது. கருநாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. விடுத்தல் வேண்டும்.

இனி, ஆண்டுக் கணக்கினும் இன்றியமையாதது மாதக் கணக்கு. குறுவைப் பயிருக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் மரபுநாள் சூன் 12. தமிழ்நாட்டிற்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றோ அக்டோபரில்தான் வரும். இடைப்பட்ட மாதங்களில் தென்மேற்குப் பருவமழையாற் பெருகிவரும் ஆற்றுநீரே உழவர்க்குத் துணை. எனவேதான் 177.25-இல் ஏறத்தாழ 123 டி.எம்.சி. சூன் முதல் செப்டம்பர் வரையில் தரப்படல் வேண்டுமென வகுக்கப்பட்டது. காலந்தாழ்ந்து வரும் வெள்ளம் கணக்கை நிரப்புமேயன்றி, வாடிய பயிரை மீட்காது.

மழை நிறைந்த ஆண்டில் வழக்கில்லை. அணைகள் நிரம்பி, மிகுநீர் தானே கீழிறங்கும். மழை பொய்த்த ஆண்டிலேயே வழக்கு மூள்கின்றது. பற்றாக்குறையில் அனைவர் பங்கும் விகிதப்படி குறைக என்பது நடுவர் மன்றத்தின் நெறி. எனினும் குறைவை எவ்வாறு அளப்பது, எந்நாளில் அளப்பது என்பதில் உடன்பாடில்லை. 2023-இல் பருவமழை குறைந்தபோது, 2018-இல் அமைந்த மேலாண்மை ஆணையம் நீர்விடப் பணித்தது. மண்டியாவில் உழவர் கிளர்ந்தனர்; பெங்களூரில் கடையடைப்பு நிகழ்ந்தது; தஞ்சைப் பகுதியிற் குறுவை கருகியது. இரு மருங்கும் இடருற்றோர் உழவரே.

ஆகவே நிறைவைப் பகிரும் விதி மட்டும் போதாது. குறைவைப் பகிரும் முறையை, மழை பொய்க்கும் முன்னரே இரு மாநிலமும் கூடி வகுத்தல் வேண்டும்.