காண்பது கண்ணா, மூளையா?

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக் கரையில் நிற்போர், தொலைவில் மீன்பிடி வள்ளம் ஒன்று வருவதைக் காண்கின்றனர். அவர்தம் விழித்திரையில் அதன் உருவம் கடுகினும் சிறிதாக, தலைகீழாக விழுகின்றது. ஆயினும் வள்ளமே சிறியதென்று எவரும் கருதுவதில்லை. தூரத்தில் உள்ளதென்றே உணர்கின்றனர். இவ்வுணர்வைத் தருவது கண்ணன்று, மூளையே.

விழித்திரையில் விழும் ஒளி நரம்புத் துடிப்பாக மாறி, மூளையின் பின்புறத்தை அடைகின்றது. அங்கே கோடு, விளிம்பு, நிறம், அசைவு ஆகியன பிரித்தறியப்படுகின்றன. அதன்பின், பொருள் யாது என்பதை ஒரு நரம்பு வழியும், அது எங்குள்ளது என்பதை மற்றொரு வழியும் ஆராய்கின்றன.

இவ்வாற்றல் பிறப்பிலேயே முழுமையாக அமைந்ததா? பவன் சின்ஹா என்னும் அறிஞர் இந்தியாவில் நடத்திய ‘பிரகாஷ்’ திட்டம் இதற்கு விடை தந்தது. பிறவியிலேயே பார்வை மறைக்கப்பட்டிருந்து, சத்திர சிகிச்சையால் ஒளி பெற்ற 8 முதல் 17 வயது வரையான ஐவரைப் பற்றிய ஆய்வு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. கையால் தடவி அறிந்த பொருளை, பார்வை பெற்றவுடன் கண்ணால் இனங்காண அவர்களுக்கு இயலவில்லை. மீண்டும் சோதித்தபோதோ, சில நாட்களிலேயே அத்திறன் வளர்ந்திருந்தது.

அசைவே இக்கல்விக்குப் பெருந்துணை. அசையாத படத்தில் துண்டு துண்டாகத் தோன்றிய உருவம், அசைந்தபோது ஒரு பொருளாகப் புலப்பட்டது. அலைகளினின்று வள்ளத்தைப் பிரித்துக் காட்டுவதும் இத்தகைய அசைவே.

ஆகவே, காணுதலும் கற்கப்படுவதே. குழந்தையின் கண்மணியில் வெண்மை தென்படின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் பெற்றோர் கடன். காலம் சென்றவிடத்தும் நம்பிக்கை இழத்தல் வேண்டா.