பெங்களூரு நெரிசல்: ஆஸ்டின் டவுன் உட்தெருக்களுக்குள் வாகனங்கள் புகுவது ஏன்? தீர்வு என்ன?

பிரதான சாலைகளில் வாகனங்கள் தேங்கும்போது, குடியிருப்புத் தெருக்கள் குறுக்குவழிகளாக மாறுகின்றன. நெரிசலைக் குறைப்பதையும் விபத்தைத் தடுப்பதையும் தனித்தனிப் பணிகளாகக் கருதும் வரை இரண்டுமே தீராது என்பதை பெங்களூருவின் அனுபவம் உணர்த்துகிறது.

பெங்களூரு: கர்நாடகத் தலைநகரின் மையப் பகுதியில், ரிச்மண்ட் டவுன், விக்டோரியா லேஅவுட், நீலசந்திரா, விவேக்நகர் ஆகியவற்றை ஒட்டி அமைந்துள்ளது ஆஸ்டின் டவுன். பிரிட்டிஷ் கண்டோன்மென்ட் காலத்தின் அடையாளங்களைத் தாங்கி நிற்கும் இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றன. நந்தன் கால்பந்து மைதானம் இதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று.

நடந்து செல்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் ஏற்ற அளவில் அமைந்த குறுகிய தெருக்கள் இவை. ஒருபுறம் ஓசூர் சாலை, மறுபுறம் ரிச்மண்ட் சாலை, சற்றுத் தொலைவில் ஈஜிபுரா, கோரமங்களா. இச்சாலைகளில் வாகனங்கள் நகராமல் நிற்கும்போது, கைபேசியில் உள்ள வழிகாட்டிச் செயலிகள் உட்தெருக்களை மாற்றுவழியாகக் காட்டுகின்றன. ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று நம்பி வாகன ஓட்டிகள் திரும்புகின்றனர். அந்த ஐந்து நிமிடத்திற்கான விலையை, மைதானத்திற்கு நடந்து செல்லும் சிறுவனும் கடைக்குச் செல்லும் மூதாட்டியும் கொடுக்க நேரிடுகிறது.

நெரிசலின் அளவு என்ன?

டாம்டாம் நிறுவனம் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுக்கான போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க சராசரியாக 34 நிமிடம் 10 நொடி தேவைப்பட்டது. அதாவது, சராசரி வேகம் மணிக்கு சுமார் 17.5 கிலோமீட்டர் மட்டுமே. உலக அளவில் மூன்றாம் இடம் பெங்களூருவுக்கும், இரண்டாம் இடம் கொல்கத்தாவுக்கும் கிடைத்தது. புனே நான்காம் இடத்தைப் பிடித்தது.

நகரில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியால் வேலைவாய்ப்புகள் எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்பீல்டு, வெளிவட்டச் சாலை என விளிம்புகளுக்கு நகர்ந்தன. வீடும் அலுவலகமும் வெவ்வேறு திசைகளில் அமைந்ததால், பழைய நகரின் சாலைகள் கடந்து செல்வோருக்கான வழிகளாயின. ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளின் வழியாகச் செல்லும் வாகனங்களில் பலவற்றுக்கு அங்கு எந்த வேலையும் இல்லை என்பதே சிக்கலின் அடிப்படை.

மேம்பாலம் கட்டினால் தீருமா?

நெரிசல் என்றவுடன் முதலில் முன்வைக்கப்படும் தீர்வு மேம்பாலம். ஆனால் ஓசூர் சாலையே இதற்கு ஒரு மறுப்புச் சான்றாக உள்ளது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் சுமார் 10 கிலோமீட்டர் நீள உயர்மட்ட விரைவுச்சாலை 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேலே வாகனங்கள் விரைந்தன. ஆனால் அவை வந்து சேரும் சில்க் போர்டு சந்திப்பு, நகரின் மிக மோசமான நெரிசல் முனை என்ற பெயரைப் பல ஆண்டுகள் சுமந்தது. குழாயின் நடுப்பகுதியை மட்டும் அகலப்படுத்தினால், நீர் அடுத்த குறுகலில் தேங்கும். சாலையிலும் அதுவே நிகழ்கிறது. அத்துடன், புதிய சாலை பயணத்தை எளிதாக்குவதால், முன்பு பேருந்தில் சென்றவர்களும் சொந்த வாகனத்திற்கு மாறுகின்றனர். சில ஆண்டுகளில் கூடுதல் இடமும் நிரம்பிவிடுகிறது.

ஈஜிபுரா மேம்பாலத்தின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. ஈஜிபுரா சந்திப்பிலிருந்து கோரமங்களாவின் கேந்திரிய சதன் வரை சுமார் 2.5 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்ட இப்பாலத்தின் பணிகள் 2017-இல் தொடங்கின. பணி முடங்கியதால் 2022-இல் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது. வேறு ஒப்பந்ததாரர் மூலம் 2023-இல் பணிகள் மீண்டும் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதியில் நின்ற தூண்கள் சாலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நெரிசலைத் தீர்க்க வந்த கட்டுமானமே நெரிசலுக்குக் காரணமானது.

மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்ட திட்டமும் உண்டு. பசவேஸ்வரா சதுக்கத்திலிருந்து ஹெப்பால் வரை திட்டமிடப்பட்ட எஃகு மேம்பாலத்திற்கு எதிராக 2016 அக்டோபரில் பொதுமக்கள் மனிதச் சங்கிலி அமைத்தனர். 2017-இல் அத்திட்டத்தை மாநில அரசு கைவிட்டது. ஹெப்பாலையும் சில்க் போர்டையும் இணைக்கும் சுரங்கச் சாலைத் திட்டம் குறித்தும் இதே விவாதம் எழுந்துள்ளது.

வேகம் உயிரைப் பறிப்பது எப்படி?

நெரிசல் மிகுந்த நகரில் வாகனங்கள் ஊர்ந்து செல்வதால் உயிரிழப்பு குறைவாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறில்லை. பெங்களூருவில் 2023-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 900-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பகலில் தேங்கும் சாலைகள் இரவிலும் அதிகாலையிலும் வெறிச்சோடுகின்றன. வேகத்திற்காகவே அமைக்கப்பட்ட அகலமான சாலைகளில் அப்போது எந்தத் தடையும் இருப்பதில்லை. பகலிலோ, நெரிசலில் இழந்த நேரத்தை ஈடுகட்ட முயலும் ஓட்டுநர், உட்தெருவில் வழி கிடைத்தவுடன் வேகமெடுக்கிறார்.

எளிய கணக்கு ஒன்று இதனை விளக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனத்தின் முன் ஒரு குழந்தை ஓடி வருவதாகக் கொள்வோம். ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். உலர்ந்த சாலையில் சுமார் 13 மீட்டருக்குள் வாகனம் நின்றுவிடும். அதே வாகனம் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். முதல் வாகனம் முழுமையாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வாகனத்தின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கமாட்டார்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் உயர்ந்தால், உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் நான்கு சதவீதம் உயர்கிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. மனிதர்களும் வாகனங்களும் ஒரே இடத்தைப் பகிரும் தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. அறிவிப்புப் பலகை மட்டும் இதற்குப் போதாது. முறையான வேகத்தடை, சாலை மட்டத்திலிருந்து உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடப்பிடம், வாகனம் வேகமாகத் திரும்ப இயலாதபடி குறுக்கப்பட்ட தெருமுனை ஆகியவையே வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

நடைபாதை யாருடைய உரிமை?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது, நாள்தோறும் ஏறத்தாழ 90 பேர் நடந்து சென்றபோது உயிரிழந்துள்ளனர். உயிரிழந்தோரில் 44 சதவீதத்திற்கும் மேலானோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவுகளைப் பிறப்பித்து வருகிறது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என 2025 மே மாதம் நீதிமன்றம் தெரிவித்தது.

நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கொண்டிருக்க வேண்டும் என இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் கூறுகிறது. இது இயலாத ஒன்றல்ல என்பதற்கான சான்று ஆஸ்டின் டவுனின் அண்டையிலேயே உள்ளது. ரெசிடென்சி சாலை, ரிச்மண்ட் சாலை, கமிசாரியட் சாலை உள்ளிட்டவை 'டெண்டர்ஷூர்' திட்டத்தின் கீழ் மறுவடிவமைக்கப்பட்டன. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு நிலத்தடியில் முறையான தடங்கள் அமைக்கப்பட்டு, அகலமான நடைபாதைகள் போடப்பட்டன. வாகனத் தடங்களின் அகலமும் சீராக்கப்பட்டது. ஒரு சாலை ஓரிடத்தில் நான்கு தடமாகவும் அடுத்த இடத்தில் இரண்டு தடமாகவும் இருந்தால், குறுகும் இடத்தில் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கும். சீரான அகலம் அந்த மோதலைக் குறைக்கிறது.

எனினும், அமைப்பதோடு பணி முடிவதில்லை. நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறி வருவதும் கார்கள் நிறுத்தப்படுவதும் தடுக்கப்பட வேண்டும். தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்துவது மட்டுமே இதற்கு வழி அல்ல. அவர்களுக்கு உரிய இடத்தை ஒதுக்க 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் வகை செய்துள்ளது.

பேருந்தும் மெட்ரோவும் என்ன செய்ய இயலும்?

ஒரு பேருந்து சாலையில் சுமார் 12 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு 50 பேரைச் சுமக்கிறது. காருக்குச் சராசரியாக ஒன்றரைப் பேர் என்று கொண்டால், அதே 50 பேருக்கு சுமார் 33 கார்கள் தேவை. இடைவெளியின்றி நிறுத்தினாலும் அவை 130 மீட்டருக்கும் மேல் நீளும். உட்தெருக்களிலிருந்து வாகனங்களை வெளியேற்றும் உண்மையான வழி, அவற்றில் செல்வோருக்கு நம்பகமான பொதுப் போக்குவரத்தை அளிப்பதே.

2019 அக்டோபரில் சில்க் போர்டு - கே.ஆர்.புரம் இடையே பேருந்துகளுக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் மெட்ரோ கட்டுமானப் பணிகளால் அது தொடரவில்லை. 2023 ஜூனில் தொடங்கிய 'சக்தி' திட்டம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை வழங்கியது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி.சாலை - பொம்மசந்திரா இடையே 19 கிலோமீட்டர் நீள மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோ சென்றடைந்தது. காளேன அக்ரஹாரா - நாகவாரா இளஞ்சிவப்பு வழித்தடத்தில் லாங்ஃபோர்ட் டவுன் நிலையம் இடம்பெற்றுள்ளது. ஆஸ்டின் டவுன்வாசிகளுக்கு மிக அருகில் அமையும் நிலையங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டாலும், நிலையம் வரை பாதுகாப்பாக நடக்க இயலாவிட்டாலும், பயணி இருசக்கர வாகனத்தையே நாடுவார்.

பிற நகரங்களின் அனுபவம் என்ன?

2018 ஜூலையில் டாக்காவில் பயணிகளை ஏற்றப் போட்டியிட்டு ஓடிய பேருந்து மோதி மாணவர் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான மாணவர்கள் சாலைக்கு வந்து, ஓட்டுநர் உரிமங்களைத் தாமே சோதித்தனர். அதன் பின்னரே வங்கதேசம் புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது.

தமிழகத்தில் சாலை விபத்து உயிரிழப்பு 2016-இல் 17,218 ஆக இருந்தது. காவல், சுகாதாரம், நெடுஞ்சாலைத் துறைகள் இணைந்து செயல்பட்டதில் 2019-இல் அது 10,525 ஆகக் குறைந்தது. ஆனால் 2022-இல் மீண்டும் 17,884 ஆக உயர்ந்தது. உயிரிழப்பைக் குறைக்க இயலும் என்பதையும், கவனம் தளர்ந்தால் அது திரும்பும் என்பதையும் இந்த எண்கள் ஒருசேரக் காட்டுகின்றன.

பொறுப்பு யாருடையது?

சாலை மாநகராட்சியிடமும், சிக்னல் காவல்துறையிடமும், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடமும், மெட்ரோ தனி நிறுவனத்திடமும் உள்ளன. இவற்றை ஒருங்கிணைக்க பெங்களூரு பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையத்திற்கான சட்டம் 2022-இல் நிறைவேற்றப்பட்டது. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. சாலை வடிவமைப்பில் உள்ள குறைபாட்டால் உயிரிழப்பு நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வகை செய்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 134ஏ பிரிவு சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது.

ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிக்குத் தேவையானவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. தொடர்ச்சியான நடைபாதை, பள்ளிகளுக்கும் மைதானத்திற்கும் முன்பு உயர்த்தப்பட்ட கடப்பிடம், கடந்து செல்லும் வாகனங்களைத் தடுக்கும் ஒருவழி ஏற்பாடு, 30 கிலோமீட்டர் வேக வரம்பு, முதியவர் சாலையைக் கடக்கப் போதுமான சிக்னல் நேரம் ஆகியவை ஒரு மேம்பாலத்தின் செலவில் சிறு பங்கிலேயே நிறைவேறும். ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனங்கள் கடந்தன என்று கணக்கிடும் வழக்கத்துடன், எத்தனை மனிதர்கள் பத்திரமாக வீடு சேர்ந்தனர் என்பதையும் கணக்கில் கொள்வதே முதல் மாற்றமாக இருக்க வேண்டும்.