கண்ணாடி தந்த பளபளப்பு

செட்டிநாட்டு வீட்டுத் தரையைப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் பூசினாற்போல் மின்னும்! மானகிரிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் கல் அது. அந்த மினுமினுப்பைத் தருவது எது தெரியுமா? கண்ணாடி!

சூளையே கிடையாது

கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைக்கிறார்கள். அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் பூ மலர்ந்திருக்கும்! கை நடுங்கினால் கலைந்துவிடும். மேலே மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவை. நெருப்பில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடி பிரிந்துவிடும்; அதன் வழவழப்பு கல்லிலே தங்கிவிடும்.

இன்று கட்டடக் கலைஞர்களும் புதுச் சித்திரம் வரைந்து கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். ஆனால், இயந்திரக் கல்லோடு போட்டி!

வீடு முழுவதும் வேண்டாம். பூஜை அறைக்கு மட்டும் பதித்தால் போதும். உங்கள் வீட்டில் சித்திரம் இருக்கும். தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியும்.