முதல்வரை மாற்றச் சொல்லி ஒரு கடிதம். கரிசலில் மூன்று தொகுதி காலி! தெரியுமா?

முதல்வரை நாற்காலியிலிருந்து இறக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தவர்கள், தங்கள் நாற்காலியையே இழந்தார்களே, அது தெரியுமா? அவர்களில் மூன்று பேர் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் தொகுதிக்காரர்கள்! வடக்கே சாத்தூர் எஸ்.ஜி.சுப்பிரமணியன், கிழக்கே விளாத்திகுளம் உமா மகேஸ்வரி, தென்கிழக்கே ஓட்டப்பிடாரம் சுந்தரராஜ். நடுவில் இருந்த கோவில்பட்டி எம்.எல்.ஏ. கடம்பூர் ராஜுவோ, அதே முதல்வரின் செய்தித் துறை அமைச்சர்!

2017 ஆகஸ்ட் 21இல் அதிமுக முதல்வர் எடப்பாடி பழனிசாமியும், அவரை எதிர்த்து நின்ற ஓ.பன்னீர்செல்வமும் கை கோத்தார்கள். மறுநாளே அதே கட்சியில் டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் போய், முதல்வருக்குத் தந்த ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். பிறகு அவர்கள் தங்கியது புதுச்சேரி விடுதி, குடகு விடுதி. இடையில் அவர்களில் ஜக்கையன் மட்டும் எடப்பாடி பக்கம் திரும்பிவிட்டார். மீதி 18 பேரையும் சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். எந்தத் தேதியில் தெரியுமா? செப்டம்பர் 18! அந்த ஆண்டு எடப்பாடி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று ஜெயித்தது பிப்ரவரி 18. பின்னால் இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரல் 18. ஜோசியர்கள் எப்படி விட்டுவைத்தார்களோ!

இன்னும் பெரிய வேடிக்கை கேளுங்கள். இந்தப் 18 பேர் சபையில் எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லை. கடிதம் கொடுத்ததே, கட்சியைத் தானாக விட்டுவிட்டதற்குச் சமம் என்று அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையான கட்சித் தாவல் தடைச் சட்டப்படி முடிவானது. 'கட்சியிலேதான் இருக்கிறோம், ஆளை மாற்றுங்கள் என்றுதானே கேட்டோம்' என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் பிப்ரவரியில் எதிர்த்தே ஓட்டுப் போட்ட பன்னீர்செல்வம் உட்பட 11 பேருக்குப் பதவி போகவில்லை. பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆகிவிட்டார்! இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலும் எனக்கு நியாயம் பிடிபடவில்லை.

கர்நாடகத்தில் 2010இல் எடியூரப்பாவுக்கு எதிராக இதே மாதிரிக் கடிதம் கொடுத்த 11 பாஜகவினரை அங்குள்ள சபாநாயகர் நீக்கினார். 2011இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே முன்னுதாரணம் கையில் இருந்தும் இங்கே கதை வேறாக முடிந்தது!

பதவிப் பறிப்பில் கணக்கும் மாறியது. 233 பேர் இருந்த சபையில் பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 கழிந்ததும் 108 போதும். நீக்கத்தை எதிர்த்த வழக்கில் 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி 'நீக்கம் சரி' என்றார், நீதிபதி சுந்தர் 'தவறு' என்றார். மூன்றாவதாக வந்த நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25இல் 'சரி' என்று முடித்துவைத்தார்.

இடைத்தேர்தல் முடியும்வரை கரிசல் சனம்? இருபது மாதம் மூன்று தொகுதிக்கும் சட்டமன்றத்தில் ஆள் இல்லை! கண்மாய் மராமத்து, பயிர்க் காப்பீடு, குடிதண்ணீர், எதுவானாலும் சபையில் எழுந்து கேட்க ஆளில்லை. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு நடந்ததும் இந்த இடைவெளியில்தான். அப்போது அந்த மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் இரண்டு காலி.

தேர்தல் வழக்கு நிலுவையால் இந்த மூன்றில் ஓட்டப்பிடாரம் மட்டும் மே 19க்குத் தள்ளிப்போனது. மற்ற காலியிடங்களையும் சேர்த்து நடந்த 22 இடைத்தேர்தல்களில் அதிமுக பிடித்தது ஒன்பது. ஆட்சியைக் காப்பாற்றிய அந்த ஒன்பதில் விளாத்திகுளமும் சாத்தூரும் உண்டு! ஓட்டப்பிடாரம் திமுகவுக்குப் போனது. சுப்பிரமணியனும் சுந்தரராஜும் தினகரனின் அமமுக சார்பில் நின்று தோற்றார்கள்.

2021இல் தினகரனே நேரடியாகப் போட்டியிட வந்தார். எந்தத் தொகுதிக்குத் தெரியுமா? கோவில்பட்டிக்கு! கடம்பூர் ராஜுவிடம் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.