ஆடுகளம் – 9: நாற்பது நிமிடத்தில் முடியும் சீசன்

கபடி ஆட்டம் ஒன்று முதல் பாதி இருபது நிமிடம், மறு பாதி இருபது நிமிடம். பழனி வட்டாரக் கல்லூரி அணிகள் அந்த நாற்பது நிமிடத்துக்காக மாதக்கணக்கில் காலையும் மாலையும் பயிற்சி எடுக்கின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டுக் கணக்கு அதோடு தீர்ந்தது, மத்தியானத்துக்குள் ஊருக்கு பஸ் ஏறிவிடலாம்.

பழனியில் தேவஸ்தானம் நடத்தும் பழனியாண்டவர் ஆண்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதே தேவஸ்தானத்தின் மகளிர் கல்லூரி கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஒரே ஊர், ஒரே நிர்வாகம். ஆனாலும் அண்ணன் ஒரு பல்கலைக்கழகப் போட்டிக்கும் தங்கை வேறொன்றுக்கும் போக வேண்டும்.

ஆயக்குடி கொய்யாத் தோப்புப் பக்கமிருந்தும் நெய்க்காரப்பட்டி, கீரனூர் பக்கமிருந்தும் வரும் பையன்களுக்குக் கபடியைக் கல்லூரி கற்றுத்தர வேண்டியதில்லை. மின்னொளிப் போட்டிகளில் ஆடி வளர்ந்தவர்கள். ஆனால் அது மண். வெறுங்கால் வழுக்கிக்கொண்டு போகும், பிடிபட்டவன் உருண்டு நழுவுவான். கல்லூரிப் போட்டி நடக்கும் ‘மேட்’ விரிப்பில் ஷூ அப்படியே பற்றிக்கொள்ளும். உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாவிட்டால் முழங்கால் போய்விடும். மண்ணில் பாடிப்போய்ப் பேர் வாங்கியவன் மேட்டில் முதல் சில மாதங்கள் தடுமாறுவதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. இந்த மாற்றத்தைப் பழகவே ஒரு சீசன் வேண்டும். அவனுக்குக் கிடைப்பதோ ஒரு காலைப்பொழுது.

கோப்பையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு மாணவர்கள் தேடுவது ‘ஃபார்ம் 3’ என்ற சான்றிதழை. பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கே அது கிடைக்கும். கல்லூரி அணி கோப்பையே வென்றாலும் அந்த வெற்றிக்கு ஃபார்ம் 3 இல்லை. எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கி எடுக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவனாக வேண்டும். தென்மண்டலப் போட்டிக்குப் போக வேண்டும். அதனால்தான் கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிக்கிற பையனுக்கு, அணி முதல் சுற்றில் தோற்பது வெறும் தோல்வியாக முடிவதில்லை. தேர்வாளர்கள் அவனைப் பார்த்ததே அந்த ஒரு ஆட்டத்தில்தான். அன்றைக்கு எதிரணி ரைடர் அவன் பக்கமே வராமல் போயிருக்கலாம். பிடிக்கிறவனுக்கு இந்த முறை இழைக்கும் அநியாயம் என்று இதைச் சொல்வேன். பாடிப் போகிறவனாவது தன் வாய்ப்பைத் தானே தேடிப் போகலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து என்ற பெயரில் கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதன் முதல் கல்லூரி ஆட்டம் என்று 1869 நவம்பர் 6-ல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதைச் சொல்வார்கள். இன்று மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல் உட்காரலாம். அந்தப் பணமும் ஆரவாரமும் நமக்கு வேண்டாம். அங்கே மாணவன் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அட்டவணையைப் பாருங்கள். முதல்நிலை அணிகளுக்கு வழக்கமான சீசனில் பன்னிரண்டு ஆட்டம். முதல் வாரம் தோற்றவன் இரண்டாம் வாரம் திருத்திக்கொண்டு வருகிறான். பயிற்சியாளருக்கும் ஒரு பையனை மூன்று விதமாக நிறுத்திப் பார்க்க முடிகிறது.

இங்கே அதை ஏன் செய்ய முடியாது? பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வத்தலக்குண்டு — எல்லாம் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடுகிற தூரம். சனிக்கிழமைதோறும் ஒருவர் ஊரில் மற்றவர் போய் ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் ஆறேழு ஆட்டமாவது கிடைக்கும். மகளிர் அணிகளுக்கும் அதே நாளில், அதே மேட்டில் நடத்தலாம். பல்கலைக்கழக எல்லை இதற்குத் தடையாக வேண்டியதில்லை. தேவை ஒரு மேட், இரண்டு நடுவர்கள், பஸ் செலவு, மதியச் சாப்பாடு. தேர்வாளர் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டோடு வந்து உட்கார்ந்தால் போதும், பிடிக்கிற பையன்களின் பெயரும் அதில் ஏறும். ஆடியில் தொடங்கினால் பல்கலைக்கழகப் போட்டிக்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிடும்.

(தொடரும்)