வடிவமைப்பாளரின் கண் எங்கே போக வேண்டும்?

செய்தி எழுதிக் கிடைக்கும் காசு போதாததால் நான் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். அழைப்பிதழ், நினைவு மலர், பதாகை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் அடிக்கடி கேட்பது, "ஐடியா எங்கேயிருந்து எடுக்கிறீங்கள்?" என்பதுதான். அவர்களுடைய கைபேசியில் பின்ரெஸ்ட் திறந்தபடி இருக்கும். அங்கே இருப்பவை அழகானவைதான். ஆனால் வேறொருவர் தன் ஊரைப் பார்த்துச் செய்து முடித்தவை.

நான் முதலில் சொல்வது, வீட்டில் பழைய கல்வெட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள் என்று. 31ஆம் நாளில் கொடுக்கிற அந்தச் சிறு புத்தகத்தைத்தான் சொல்கிறேன். ஈய எழுத்துக் காலத்தது என்றால் இன்னும் நல்லது. கையிலிருந்த இரண்டு மூன்று அளவு எழுத்துகளை வைத்தே அச்சுக்கோப்பாளர் தேவாரத்தையும் வம்ச வரலாற்றையும் நன்றியுரையையும் பிரித்துக் காட்டியிருப்பார். வெற்றிடத்தை எவ்வளவு விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பாமினியில் ஒரு தலைப்பை அடித்து, நிழல் போட்டு, மினுக்கம் போட்டு, அதன் பின்னால் மேகத்தையும் வைக்கிறோம்.

"எங்கட வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று சொல்பவர்களே அதிகம். உண்மைதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அதன்பிறகு இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. ஆனால் 2005 முதல் நூலகம் இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளும் நினைவு மலர்களும் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டு வருகின்றன. வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, அட்டைகளை மட்டும் ஒரு மணித்தியாலம் பாருங்கள்.

1990களில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராதபோது யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் வெளிவந்தன. செய்திக்குப் பின்னால் நீலக் கோடு ஓடும். இல்லாமையிலிருந்து பிறந்த அந்தப் பக்கத்தை எந்த மாதிரிப்படத் தளத்திலும் தேடி எடுக்க முடியாது.

நிறம் இன்னும் சிக்கலானது. நல்லூர்க் கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளிலிருந்து ஒரு அழைப்பிதழே பிறக்கலாம். ஆனால் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துப் போடச் சொன்னால் அச்சகத்தில் ஒருமுறை முகத்தைப் பார்ப்பார்கள், நவம்பரில் இரண்டுமுறை. 2021 ஏப்ரலில் மாநகர சபைக் காவல் பணியாளர்களின் சீருடை புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போல இருக்கிறது என்று சொல்லி அப்போதைய யாழ். முதல்வர் மணிவண்ணனையே கைது செய்தார்கள். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் வரும் நிறச் சக்கரத்தில் இந்தப் பயத்துக்கு இடமில்லை. எங்கள் வடிவமைப்பாளர் அதையும் கணக்கில் எடுத்துத்தான் நிறம் தேர்கிறார்.

ஒருமுறை ஒரு அம்மா, 2009இல் இறந்த மகனுடைய நினைவஞ்சலிக்காகப் படம் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு படந்தான். முள்ளிவாய்க்கால் வரை சட்டைக்குள் மடித்து வைத்திருந்ததால் கன்னத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. போட்டோஷொப்பில் அதை அழிக்க ஐந்து நிமிடம் போதும். "அதை எடுக்காதேங்கோ தம்பி" என்றார். தாமரை, விளக்கு, மேகம் ஒன்றும் போடவில்லை. வெள்ளைத் தாளில் மடிப்போடு படத்தை வைத்து, அதன் கீழே பெயரைச் சிறிய எழுத்தில் போட்டேன். கல்வெட்டுகளில் விடுவது போலச் சுற்றிலும் நிறைய இடம் விட்டேன்.