பெட்டைக் குரலில் அழைக்கும் மரப்பெட்டி

நீங்கள் வான்கோழி வளர்ப்பவராக இருந்தால், சேவல் தோகையை விரித்துக் கத்துவதை தினமும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பறவையின் பூர்வீகம் வட அமெரிக்கா. அங்குள்ள காடுகளில் காட்டு வான்கோழிகள் இன்றும் வாழ்கின்றன. அவற்றை வேட்டையாடுவது அமெரிக்க கிராமங்களின் பழைய வழக்கம். அதில் துப்பாக்கியை விட முக்கியமானது, பெட்டையின் குரலை எழுப்பும் கையடக்கக் கருவி.

எலும்பும் மரமும்

அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் இறக்கை எலும்புகளைச் சுத்தம் செய்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி குழலாக்கினர். இதை ஊதக்கூடாது, உதட்டில் வைத்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். 1897ல் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹென்றி கிப்சன், பெட்டி வடிவ கருவிக்கு காப்புரிமை பெற்றார். மெல்லிய மரத்தால் ஆன நீளப்பெட்டி அது. மூடியின் அடியில் சாக்பீஸ் தடவி, பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும். மரத்தின் வகை, பலகையின் தடிமனுக்கு ஏற்ப ஒலி மாறும். அதனால்தான் கையால் செய்த பெட்டிக்கு இன்றும் மதிப்பு.

அளவோடு அழைக்க வேண்டும்

இயற்கையில் சேவல் கத்தும். பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். ஓயாமல் அழைத்தால், பெட்டை வந்துவிடும் என்று சேவல் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். எனவே சில முறை அழைத்துவிட்டு, மரத்தில் சாய்ந்து அசையாமல் இருப்பார். வான்கோழிக்கு கண்பார்வை அவ்வளவு கூர்மை.

அழிவும் மீட்சியும்

காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும், 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இப்பறவை இல்லாமல் போனது. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டனர், பலனில்லை. தாயிடம் வளராத அவற்றுக்கு எதிரிகளிடமிருந்து தப்பத் தெரியவில்லை. 1950களில் காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் விட்டபோதுதான் இனம் பெருகியது. 1937ம் ஆண்டு சட்டப்படி ஒதுக்கப்பட்ட துப்பாக்கி, தோட்டா வரிப்பணம் இதற்கு உதவியது. வசந்தகால வேட்டையில், பெரும்பாலான மாநிலங்களில் பெட்டைகளைச் சுடுவதில்லை. ஒரு சேவல் பல பெட்டைகளுடன் சேரும் என்பதால் இனப்பெருக்கம் குறைவதில்லை. பண்ணைப் பெட்டையைப் போலவே காட்டுப் பெட்டையும் 28 நாள் அடைகாக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் 1972ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி மயில், கவுதாரியை வேட்டையாடுவது குற்றம். பண்ணைக் குஞ்சுகளைக் காட்டில் விட்டு இனத்தைப் பெருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அடைகாக்கும் தாயைக் காப்பதே வழி. வரப்போரப் புதரில் கவுதாரி முட்டைகளைக் கண்டால், குஞ்சு பொரித்து வெளியேறும் வரை அந்தப் புதரை வெட்டாமல் விடுங்கள், தீ வைக்காதீர்கள்.